கூறையில் ஒரு மந்திரக்காரி

பிளாக்டவுன், சிட்னி
14 செப்டெம்பர் 2025

நிரஞ்சினிக்கு,

ஃபோனில் என்னை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். ஈமெயிலுக்கும் பதில் இல்லை. ஆனபடியால் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். தபால்காரரையும் மறித்து வைத்திருக்கிறாயோ தெரியாது.

அம்மாவின் ஆண்டுத் திவசம் டிசம்பர் ஆறாம் திகதி, சனிக்கிழமை. கார்த்திகை அபரபக்கத் துவிதியை. வீட்டில்தான் செய்கிறோம், ஐயருக்கும் சொல்லியாகிவிட்டது. அப்பா ஒவ்வொரு நாளும் "சின்னவள் வருவாளோ?" என்று கேட்கிறார். ஸ்ட்ரோக் வந்த மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வது? இந்தக் கடிதம் அவருக்காக. எனக்காக இல்லை.

இன்னொன்று. அம்மாவின் கூறைச்சேலையில் மிச்சத் துண்டு ஏதாவது உன்னிடம் கிடந்தால் அனுப்பு. திவசத்தன்று படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். தாலியோடு போகிற பெண்ணை அவளுடைய கலியாணக் கூறையை உடுத்தித்தான் அனுப்புவது. அது உனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதற்காகவே அம்மா அதை நாற்பத்தைந்து வருஷம் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார். செத்தவீட்டன்று சூட்கேஸைத் திறந்தால் வெறும் பிளாஸ்டிக் பை. நான் பதறிக்கொண்டு நிற்கிறேன், நீ வந்து "அதை வெட்டியாச்சு அக்கா, ஃபெயருக்கு உடுப்புத் தைக்க" என்கிறாய். வருஷா வருஷம் நீ போகிற அந்த மெடீவல் ஃபெயர், வளர்ந்த ஆட்கள் பூதம் என்றும் தேவதை என்றும் வேஷம் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் திரிகிற கூத்து. அதற்கு அம்மாவின் கூறை!

அன்றைக்கு நான் சொன்னதும் செய்ததும் கொஞ்சம் கூடத்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதற்குப் பிறகு அது நடந்தது என்பதையும் நீ யோசிக்க வேண்டும்.

தாட்சாயினி


டார்னெய்ட், மெல்பேர்ன்
25 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்கா,

"அன்புள்ள" பழக்கத்தில் வந்துவிட்டது. பேனையால் எழுதினதை அழிக்க முடியாது, இருக்கட்டும்.

"கொஞ்சம் கூடத்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன். நூறு பேருக்கு முன்னால் "கூத்தாடுறதுக்குத் தாயின்ர கூறையை வெட்டினவள் வாய்க்கரிசி போடக் கூடாது" என்று சொல்லி என் கையைத் தட்டிவிட்டீர்கள். அரிசி கீழே கொட்டியது. சுஜீவா அன்ரி அதைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். நான் அம்மாவுக்கு வாய்க்கரிசி போடவில்லை அக்கா. இனி எந்த ஜென்மத்திலும் போட முடியாது. உங்களுக்கு அது "கொஞ்சம்".

அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பத்து மாதம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். இனியும் பொத்தினால் எனக்கு விசர் பிடிக்கும். வெட்டியாச்சு என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். ஆர் வெட்டினது என்று நீங்கள் கேட்கவே இல்லை. கூறையை அம்மாதான் வெட்டினார். எனக்கு உடுப்புத் தைக்க இல்லை. தனக்கு.

திவசத்துக்கு நான் வரவில்லை. அப்பாவோடு நான் தனியாகக் கதைத்துக்கொள்கிறேன்.

நிரா


பிளாக்டவுன்
2 ஒக்டோபர் 2025

நிரா,

செத்த மனிசியின் தலையில் பழியைப் போட உனக்கு எப்படி மனம் வந்தது?

அம்மாவை எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர். வருஷத்தில் ஒரு தரம் அந்தக் கூறையை எடுத்து வெயிலில் காட்டி, மடிப்பு மாற்றி வைப்பார். அவரா கத்திரிக்கோல் எடுத்தார்? அதுவும் வேஷம் போட?

ஒன்று சொல்கிறேன். போன வருஷம் ஆகஸ்டில், இங்கே ஷொப்பிங் சென்டரில் அப்படி ஒரு ஃபெயரின் விளம்பரம் ஒட்டியிருந்தது. அம்மா நின்று பார்த்தார். "நிரா போறது இதுக்குத்தானே? நாங்களும் ஒருக்காப் போய்ப் பார்ப்பமோ?" என்று கேட்டார். "எழுபது வயசில வேஷம் கட்டப் போறியளோ? சனம் வாயாலையும் மூக்காலையும் சிரிக்கும்" என்றேன். அவரும் சிரித்துவிட்டு என்னோடு வந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கதையே இல்லை.

முழங்கால் நோ என்று டொக்டர் பொல்லுக் கொடுத்தார். அதைப் பிடித்து நடவுங்கோ என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கிழவி மாதிரி இருக்கும் என்று கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர் அவர். ஊர் பார்க்கும் என்று பொல்லுப் பிடிக்காதவர், ஊர் பார்க்க வேஷம் கட்டினாராம்.

சாகிறதுக்கு முதல் மாதம் அம்மா மெல்பேர்னில் உன்னோடு நின்றபோது, உன் ஃபெயர் நடந்த அந்தச் சனிக்கிழமை, அங்கே த பேசினில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போனதாக அம்மாவே எனக்கு ஃபோனில் சொன்னார். அம்மா பொய் சொல்ல மாட்டார். அப்படியென்றால் பொய் சொல்வது ஆர் என்று நீயே சொல்லு.

தாட்சா


டார்னெய்ட்
14 ஒக்டோபர் 2025

அக்கா,

முதலில் கடித உறைக்குள் இருக்கிற படத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

பார்த்தாச்சா? சிவப்பு அங்கி, தங்கக் கரை, கூம்புத் தொப்பி, கையில் தடி. அம்மாதான். அந்தத் தடி உங்கள் டொக்டர் கொடுத்த பொல்லுத்தான். மேலே ஒரு கண்ணாடிக் குண்டு வைத்து, கீழே சணல் கயிறு சுற்றியிருக்கிறோம்.

என்னோடு லைப்ரரியில் வேலை செய்கிற வர்ஷா மதுரைப் பிள்ளை. ஃபெயருக்குப் போகிற எங்கள் கூட்டத்துக்கே உடுப்புத் தைப்பவள். அம்மா வந்த முதல் கிழமையே அவளை வீட்டுக்குக் கூப்பிடச் சொன்னார். வர்ஷா தன் படப் புத்தகத்தை விரித்து, "ஆன்ட்டி, உங்களுக்கு ராணி வேஷம் அப்படியே பொருந்தும்" என்றாள்.

"ராணி வேண்டாம் பிள்ளை. ராணியெண்டா ஒரு கதிரையில குந்திக்கொண்டு இருக்க வேணும். சனம் வந்து பார்த்திட்டுப் போகும். கலியாணத்தண்டு ஒருக்கா அப்பிடி இருந்தனான், காணும்."

"அப்போ வனதேவதை?"

"செட்டையை வைச்சுக்கொண்டு காருக்குள்ள எப்பிடி ஏறுறது?"

போர்வீராங்கனைக்கு இரும்புச் சட்டை கனம். மருத்துவச்சி வேண்டாம், அங்கேயும் சனம் தங்கள் வருத்தத்தைச் சொல்ல வரும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வந்தவர் மந்திரவாதியின் படத்தில் நின்றார்.

"இந்த மனிசன் ஏன் தடி வைச்சிருக்கிறார்?"

"அதுலதான் ஆன்ட்டி அவரோட பவரே இருக்கு."

"அப்ப இது" என்றார் அம்மா. அவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு பொருளைத் தெரிவு செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு வயது முப்பத்துநாலு.

பிறகு சூட்கேஸைத் திறந்து கூறையை எடுத்தார். சிட்னியிலிருந்து தானே கொண்டுவந்திருக்கிறார் அக்கா. நான் கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வர்ஷா பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, இது கல்யாணப் புடவை மாதிரி இருக்கே. நான் இதுல கத்திரிக்கோல் வைக்க மாட்டேன்." நானும் "அம்மா, இது உங்கட கடைசி..." என்று தொடங்கினேன்.

"செத்தாப் பிறகு உடுத்தி ஆருக்குப் பிள்ளை காட்டுறது? கலியாணத்தண்டு ஆறு மணித்தியாலம் உடுத்தனான். தலை நிமித்தேல்ல. மிச்ச நாளெல்லாம் அதைப் பூச்சி உருண்டைதான் உடுத்தது" என்றார். அவளிடமிருந்து கத்திரிக்கோலை வாங்கி முதல் வெட்டைத் தானே வெட்டினார். வெட்டிவிட்டு, "சிவப்பாப் போச்சு, என்ன செய்யிறது. தொப்பியாவது நீலமா இருக்கட்டும்" என்றார்.

ஃபெயரன்று மழை. வாசலில் இரும்புச் சட்டை போட்ட ஒருவன் வாளை நீட்டி, நீ யார், உன் மந்திரம் என்ன என்று நாடகக் குரலில் கேட்டான். அங்கே எல்லாரிடமும் அப்படிக் கேட்பார்கள். நான் அம்மாவுக்கு இதைச் சொல்லிவைக்க மறந்துவிட்டேன். அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தடியைச் சேற்றில் ஓங்கிக் குத்தி, "மாகோ! கல்கமுவ! அநுராதபுரம்! மதவாச்சி! வவுனியா!" என்று கத்தினார். அவன் முழங்காலில் விழுந்துவிட்டான். கலியாணத்துக்கு முன் கொழும்பில் கிளாக்கர் வேலை செய்தபோது அவர் தனியாக வந்து போன ரயிலின் ஸ்டேஷன்களாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அம்மா வேலை செய்தவர் என்று.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் லைனில் நின்று மந்திரம் கேட்டன. ஆடுகிற பல் விழவேண்டும் என்று கேட்ட பெட்டைக்கு "மாங்குளம்", சோதனை பாஸாக வேண்டும் என்றவனுக்கு "கிளிநொச்சி". நாலு மணித்தியாலம் ஓரிடத்தில் குந்தி இருக்கவில்லை. தேத்தண்ணிகூட நின்றபடிதான்.

காரில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "அக்காவுக்கு இப்ப சொல்லாதை. ஏசுவாள். கோயிலுக்குப் போனதெண்டு சொல்லுவம். நான் வீட்ட போய் ஆறுதலாச் சொல்லுறன்" என்றார். நான் சத்தியம் பண்ணினேன். ஒக்டோபர் முப்பதாம் திகதி உங்களிடம் திரும்பி வந்தார். பதினெட்டாம் நாள் நெஞ்சு நோ என்று ஃபோன் வந்தது. அவர் உங்களுக்குச் சொல்லவில்லை என்று செத்தவீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்த உடனே விளங்கியது. அப்பாவும் சனமும் சுற்றி நிற்கிற இடத்தில் அம்மாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவுதான் என்னுடைய கூத்து.

நிரா


பிளாக்டவுன்
26 ஒக்டோபர் 2025

என் தங்கச்சி,

மூன்று நாள் படத்தை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், வந்தேன். நாலாம் நாள்தான் அழுகை வந்தது.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்குப் புத்தியே இருக்கவில்லை. உன் கையைத் தட்டினது நான். அதை எந்த ஐயரைக் கூப்பிட்டும் திருப்பிச் செய்விக்க முடியாது. மன்னித்துக்கொள் என்று எழுதுகிறேன். எழுதும்போதே அது எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிகிறது. நீ மன்னிக்காவிட்டாலும் அது நியாயம்தான்.

அப்பாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உனக்குத் தெரியும். "கூறை... என்ர அம்மா எடுத்தது. இவ நீலம் கேட்டவ. எனக்குச் சொல்லிவிட்டவ. நான்... அம்மாவுக்குப் பயத்தில சொல்லேல்ல" என்றார். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கிறா" என்றார். படத்தைத் திருப்பித் தரவில்லை. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

செத்தவீட்டன்று கூறை இல்லை என்று தெரிந்ததும் நான் உன் அத்தான் கௌரிசங்கரைக் கடைக்கு ஓட்டினேன். "நல்ல சிவப்பாப் பார்த்து எடுங்கோ" என்று சொன்னதும் நான்தான். அவர் இருபது நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவை அதை உடுத்தி அனுப்பினேன். இருபது வருஷம் ஒரே வீடு, அம்மாவுக்கு என்ன நிறம் விருப்பம் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

அம்மா திரும்பி வந்த பிறகு ஒரு காலை குசினிக்குள் வந்து நின்றார். "தாட்சா, உனக்கு ஒண்டு சொல்லோணும்" என்றார். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றேன். "பேந்து சொல்லுங்கோ அம்மா, இப்ப நேரமில்லை" என்றேன். "ஓம் ஓம், பேந்து சொல்லுறன்" என்று மிளகாய்த்தூள் போத்தலைத் துடைத்தார். பேந்து நான் கேட்கவில்லை. ஒரு வருஷமாக அது ஏதோ மருந்துக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனதைக் குடைகிற இன்னொன்று. ஃபெயருக்கு இரண்டு நாள் முதல், வியாழக்கிழமை, அம்மா உன் வீட்டிலிருந்து ஃபோன் எடுத்தார். "சனிக்கிழமை ஒருக்கா வந்திட்டுப் போகேலுமோ? காலமை பிளேன் ஏறினா பின்னேரம் திரும்பலாம்" என்று கேட்டார். கோயிலில் ஏதோ பூசை என்று நினைத்தேன். ஹொஸ்பிட்டலில் எனக்கு வேலை என்று சொல்லிவிட்டேன். அது இதற்கா? உண்மையைச் சொல்லு, எனக்கு நோகும் என்று மறைக்காதே.

அக்கா


டார்னெய்ட்
5 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இந்தமுறை "அன்புள்ள" பழக்கத்தில் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். ஒன்றில் "இல்லை" என்று எழுதியிருந்தேன். பிறகு யோசித்தேன், இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் நோகும் என்று மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் வந்தது.

ஓம் அக்கா, அது இதற்குத்தான்.

கூறையின் தலைப்பை வெட்ட அம்மா விடவில்லை. அதில்தான் சரிகை கனக்க. வர்ஷா அதை அம்மாவின் அங்கிக்கு முன்பக்கம் வைக்கலாமோ என்று கேட்டாள். "அது மூத்தவளுக்கு" என்று சொல்லிவிட்டார். அதில் தோளில் போடுகிற மேலங்கி ஒன்று தைக்கச் சொன்னார். உங்கள் தோளின் அளவு அவருக்கு மனப்பாடம். ஓரத்தைத் தானே கையால் தைத்தார், இரண்டு பின்னேரம் எடுத்தது.

உங்களுக்கு என்ன வேஷம் என்று நான் கேட்டேன். "அவள்தான் ராணி" என்றார். "நீங்கள் வேண்டாமெண்ட ராணியோ?" என்று பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. "நான் வீட்டில கனகாலம் இருந்திட்டன், எனக்கு உலாவோணும். அவள் ஓடிக்கொண்டே இருக்கிறாள். வேலை, சமையல், அப்பா, நான். ஒரு நாளாவது ஒரு கதிரையில இருக்கட்டும். நாங்கள் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுப்பம்" என்றார். பிறகு உங்களுக்கு ஃபோன் எடுத்தார். ஏன் வரச் சொல்கிறேன் என்று சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள், வந்த பிறகு காட்டலாம் என்பது அவருடைய திட்டம்.

ஃபோனை வைத்துவிட்டு மேலங்கியை மடித்தார். "அவளுக்கு வேலையாம், பாவம்" என்றார். கோபம் இல்லை. அது சத்தியம்.

பார்சலில் அதை அனுப்பியிருக்கிறேன். நீங்கள் மிச்சத் துண்டு கேட்டீர்கள், இது மிச்சம் இல்லை, உங்களுடையது. படத்துக்கு முன்னால் வைப்பதோ போடுவதோ உங்கள் விருப்பம். சிவப்பு அங்கியைக் கேட்காதீர்கள். அதை நான் ஆருக்கும் தரமாட்டேன்.

வாய்க்கரிசி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறின மாதிரி நடிக்கவும் தெரியாது. ஆனால் திவசத்துக்கு வருகிறேன். முதல் நாள், டிசம்பர் ஐந்தாம் திகதி பின்னேரம் வந்து இறங்குவேன்.

நிரா


பிளாக்டவுன்
17 நவம்பர் 2025

நிராச் செல்லம்,

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. இன்றைக்குத்தான் பிரித்தேன். திகதிப்படி அம்மா போய் இன்றோடு ஒரு வருஷம்.

நீ வருகிறாய் என்று சொன்னதும் அப்பா முகச் சவரம் செய்யச் சொன்னார். இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்று சொன்னாலும் கேட்கவில்லை. நான் ஏர்போர்ட்டுக்கு வருகிறேன், டாக்ஸி எடுக்காதே.

மேலங்கியைப் போட்டுப் பார்த்தேன். அறைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான். தோள் சரியாக இருக்கிறது. அம்மாவின் தையல் ஒரு இடத்தில் கோணல், அங்கே நூலைப் பிரித்துத் திரும்பத் தைத்திருக்கிறார். அதை எவ்வளவு நேரம் தடவிக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

"அவளுக்கு வேலையாம், பாவம்" என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை வாசித்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அம்மா பொய் சொல்ல மாட்டார், நீதான் சொல்கிறாய் என்று உனக்குப் பெரிய நியாயம் பேசினவள் நான். திவசத்தன்று உன் முகத்தைப் பார்க்க முதல் இதை எழுதிவிட வேண்டும்.

பூசை, அன்னதானம், சனத்தோடு சிரித்துக் கதைப்பது என்று நினைக்கவே அன்றைக்கு அலுப்பாக இருந்தது. அம்மா கேட்டதும் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பாவம் என்று நினைத்தார், நானோ அந்தச் சனிக்கிழமை பத்து மணி வரை படுத்திருந்தேன். பிறகு எழும்பி சோபாவில் இருந்து டிவி பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வேலை இருக்கவில்லை, நிரா.

அக்கா